விதி கேட்காத மரம்

அன்புள்ள மருமகளுக்கு,

லீவில் படித்த புத்தகங்களைப் பற்றி நீ எழுதி அனுப்பிய தாள்கள் வந்தன. கையெழுத்து உன் அப்பனுடையதைவிடத் தேவலை. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போட்டிருக்கிறாய். முழுசாக ஐந்தும் வாங்கியது பிராண்டன் சாண்டர்சனின் ‘மிஸ்ட்பார்ன்’ மட்டும்தான். மற்றதையெல்லாம் அதன் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்திருக்கிறாய்.

எனக்கும் அந்த நாவல் பிடிக்கும். உலோகத் துணுக்கை விழுங்கி உள்ளுக்குள் எரித்தால் சக்தி வரும். இரும்பு இழுக்கும், எஃகு தள்ளும், தகரம் கண்ணையும் காதையும் கூர்மையாக்கும். தன்னைவிடக் கனமானதைத் தள்ளினால் தள்ளியவள்தான் பின்னால் பறப்பாள். 2006-இல் வந்த அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு சண்டையும் கணக்கு மாதிரித் தீர்கிறது. விடை சரியாக வரும்போது கிடைக்கும் சுகமே தனி. சாண்டர்சன் இதைக் கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறார்: மந்திரத்தால் சிக்கல் தீர வேண்டுமானால் அந்த மந்திரம் வாசகருக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். அவர் கதைக்கு அவர் வகுத்துக்கொண்ட நியாயம் அது. நீயோ அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஊரிலுள்ள எல்லார் வீட்டுக் கதவையும் தட்டுகிறாய்.

அர்சுலா லெ குவினின் ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’க்கு இரண்டே நட்சத்திரம். விதி தெளிவில்லை, பெரிய போர் இல்லை என்பது உன் குறை. 1968-இல் வந்த நாவல். மந்திரப் பள்ளிக்கூடம் அதிலேயே இருக்கிறது. ஹாரி பாட்டர் வர அப்போது இன்னும் 29 வருஷம். கெட் என்ற பையன் சக மாணவனிடம் வீம்பு பேசி, என்றைக்கோ செத்துப்போனவளின் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழலும் வெளியே வந்துவிடுகிறது. திறந்த வழியை அடைக்கப் போய் அந்தப் பள்ளியின் தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். அதன்பிறகு இவனும் அந்த நிழலும்தான் கதை. முதலில் இவன் ஓடுகிறான். குரு ஓகியன் சொன்ன பிறகு திரும்பி நின்று அதைத் துரத்துகிறான். இதற்குள் படையை எங்கே கொண்டுவந்து நிறுத்துவது? மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதைவிட, செய்தவன் என்ன விலை கொடுத்தான் என்பதில்தான் லெ குவினுக்கு அக்கறை.

ஆனால் அதே தாளின் ஓரத்தில், ‘இந்தப் பள்ளியில் பெண்களுக்கு இடமே இல்லையா?’ என்று பென்சிலால் கிறுக்கியிருந்தாய். அதை ஏன் ஓரத்தில் ஒதுக்கினாய்? நீ எழுதியதிலேயே உருப்படியான வரி அதுதான். லெ குவினுக்கே அந்த உறுத்தல் இருந்தது. மூன்றாவது நாவல் 1972-இல் வந்தது. 18 வருஷம் கழித்து, 1990-இல், ‘தெஹானு’ என்று நான்காவதை எழுதினார். கெட் சக்தியையெல்லாம் இழந்து திரும்புகிறான். இரண்டாம் நாவலில் சிறுவயதுப் பூசாரிணியாக இருந்த தெனார் இப்போது விதவை. பண்ணையைப் பார்த்துக்கொண்டு, தீயில் வெந்த ஒரு சிறுமியை வளர்க்கிறாள். ஆண் மந்திரவாதிகளின் பெருமையெல்லாம் அடுப்படியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று, தான் கட்டிய உலகத்தையே உலுக்கிப் பார்த்த புத்தகம். பழைய வாசகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

டோல்கீனுக்கு வருகிறேன். மோதிரம் அழிந்த பிறகும் ஏன் இத்தனை பக்கம் என்று கேட்டிருக்கிறாய். படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி. ஹாபிட்டுகள் ஊர் திரும்பும் அந்த அத்தியாயத்தைப் பீட்டர் ஜாக்சன் தன் 2003 படத்தில் எடுக்கவே இல்லை. புத்தகத்தில் நால்வரும் திரும்பும்போது மரங்கள் வெட்டப்பட்டு, ஆலை புகை கக்க, சொந்த ஊர் அடியாட்கள் கையில் கிடக்கிறது. டோல்கீன் 1916-இல் சோம் போர்க்களத்தில் இருந்தவர். 1918-க்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லாரையும் இழந்தவர். இந்த அத்தியாயம் ஆரம்பத்திலிருந்தே தன் மனதில் இருந்தது என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். சலிப்பாக இருந்தது என்று எழுது, அது உன் உரிமை. தேவையில்லை என்று எழுதாதே. அது பெரிய குற்றச்சாட்டு, அதற்குச் சாட்சி வேண்டும். டாம் பாம்படில் பற்றி நீ சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. பாட்டு கொஞ்சம் அதிகம்தான்.

ஜார்ஜ் மார்ட்டின் கதையை முடிக்கவில்லை என்று முதல் பாகத்துக்கு மார்க்கைக் குறைத்திருக்கிறாய். ஐந்தாம் பாகம் 2011-இல் வந்தது, ஆறாவதுக்கு ஊரே காத்திருக்கிறது. கோபம் நியாயம்தான், முதல் பாகம் என்ன பாவம் செய்தது?

கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ பற்றி ஒரே வரி: ‘எதார்த்தமான நாவல், நல்லாருக்கு.’ அதில் பூட்டி மங்கத்தாயாரு சொல்கிற கதையை நினைத்துப் பார். தெலுங்கு தேசத்திலிருந்து ஒரு கூட்டம் தப்பி வருகிறது. பின்னால் துரத்துகிறார்கள், முன்னால் ஆறு. ஒரு மரம் வளைந்து கொடுத்து அவர்களைக் கரை சேர்க்கிறது. எந்த விதிப்படி வளைந்தது? லெ குவினிடம் அத்தனை கறாராகக் கேட்டவள் இங்கே வாயே திறக்கவில்லை. நூறு வயதைத் தாண்டியவள், தன் சனம் பிழைத்து வந்த கதையைச் சொல்கிறாள். அவளுக்கு அது மாயமில்லை, நடந்தது. அவள் குரலை நம்பியதால் மரத்தையும் நம்பிவிட்டாய். அந்த நம்பிக்கை எந்தப் பக்கத்தில் உனக்குள் வந்தது என்று தேடி எனக்கு எழுது.

அடுத்து ‘தெஹானு’. அதன்பிறகு சுசானா கிளார்க்கின் ‘பிரனேசி’யை எடு, 2020-இல் வந்தது. முடிவில்லாத மண்டபங்கள், சிலைகள், உள்ளே ஏறி வரும் கடல், நடுவில் குறிப்பேடு எழுதிக்கொண்டு ஒருவன். தொடக்கத்தில் ஒன்றும் பிடிபடாது, பொறுத்துக்கொள். இந்தத் தடவை நட்சத்திரம் வேண்டாம். எங்கே மூடி வைத்தாய், மறுபடி ஏன் எடுத்தாய், அதை எழுதினால் போதும்.

தீபாவளிக்கு வரும்போது ‘மிஸ்ட்பார்ன்’ இரண்டாம் பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வா. அந்தப் பெண் வின் அடுத்து என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அன்புடன்,
உன் அத்தை