பிஷ் பைண்டரை எங்கே பூட்டுவது?

கேள்வி: என்னிடம் 18 அடி பைபர் படகும் 15 குதிரைவலு அவுட்போட் எஞ்சினும் இருக்கின்றன. புதிதாக வாங்கிய பிஷ் பைண்டரின் டிரான்ஸ்டியூசரைப் பின்பலகையில் எஞ்சினை ஒட்டிப் பூட்டினேன். படகு நிற்கும்போது ஆழம் சரியாக வருகிறது. ஓடத் தொடங்கினால் திரை முழுக்கப் புள்ளிகள்தான், ஆழமும் காணாமல் போய்விடுகிறது. அணியத்துக்கு மாற்றிவிடலாமா?
- வாசகர், பேசாலை

பதில்: அணியம் வேண்டாம். வேகம் பிடித்ததும் அணியம் எழும்பிவிடும், டிரான்ஸ்டியூசர் காற்றில்தான் நிற்கும். உங்கள் திரையில் தெரியும் புள்ளிகளும் மீனல்ல, எஞ்சின் விசிறி கிளப்பும் காற்றுக் குமிழிகள். டிரான்ஸ்டியூசர் அனுப்பும் ஒலி குமிழியில் பட்டுத் தெறித்துவிடும், அடி வரை போய்த் திரும்பாது.

பின்பலகையிலேயே வைப்பதென்றால் விசிறியின் நடுவிலிருந்து குறைந்தது 38 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். முன்னோக்கி நின்று பார்த்தால் வலப்பக்கம். பெரும்பாலான எஞ்சின்களில் விசிறியின் இதழ் அந்தப் பக்கம்தான் மேலிருந்து கீழே இறங்கும், அங்கே குமிழி குறைவு. டிரான்ஸ்டியூசரின் முகம் படகின் அடியைவிட 3 மில்லிமீற்றர் அளவுக்குக் கீழே நின்றால் போதும். அதற்கு நேர் முன்னால் படகின் அடியில் வரம்போ ஆணித் தலையோ இருக்கக்கூடாது.

ஆனால் நீங்கள் படகை மணலில் இழுத்து ஏற்றுபவர். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் ஒரு சோளகக் காலம் கூடத் தாங்காது. அதனால் என் சிபாரிசு, டிரான்ஸ்டியூசரைப் படகுக்கு உள்ளே, அடித்தட்டில் ஒட்டிவிடுவதுதான். பின்பக்கமாக, நடுக்கோட்டுக்கு அருகில், ஓடும்போதும் தண்ணீரை விட்டு எழும்பாத இடமாகப் பாருங்கள். அந்த இடம் முழுக்கப் பைபராகவே இருக்க வேண்டும். நடுவில் பலகையோ மிதப்புக்கு அடைத்த போமோ இருந்தால் ஒலி அதைத் தாண்டாது.

ஒட்டுமுன் சோதித்துவிடுங்கள். படகு மிதக்கையில், மெல்லிய பிளாஸ்டிக் பையில் தண்ணீரை நிரப்பி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் விட்டு, அடித்தட்டோடு அழுத்திப் பிடியுங்கள். பிறகு டிரான்ஸ்டியூசரைப் படகுக்கு வெளியே தொங்கவிட்டும் பாருங்கள். இரண்டு முறையும் ஆழம் ஒன்றாக வந்தால் இடம் சரி. அந்த இடத்தை மட்டத்தாளால் தேய்த்து, டிரான்ஸ்டியூசரை மெதுவாக இறுகும் எப்பொக்சியில் குமிழி சிக்காமல் சுழற்றி அழுத்தி ஒட்டுங்கள். சிலிக்கன் வேண்டாம். உள்ளே ஒட்டினால் கடல்நீரின் வெப்பநிலை சரியாக வராது, பக்கவாட்டுப் படம் காட்டும் வகைகளும் வேலை செய்யா. சாதாரண 200 கிலோஹேர்ட்ஸ் கருவிக்கு இந்த முறை போதும்.

வயரை எஞ்சின் வயர்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள். மிஞ்சினால் வெட்டாமல் சுருட்டி வையுங்கள். கருவிக்குத் தனி 12 வோல்ட் பற்றரி வைத்தால் எஞ்சினின் இரைச்சல் திரைக்கு வராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேசாலைக்கு வடக்கே பாக்கு விரிகுடாப் பக்கம் சராசரி ஆழமே சுமார் 9 மீற்றர், நம் கணக்கில் ஐந்து பாகம். 20 பாகை விரிவுள்ள ஒலிக்கற்றை அந்த அடியில் பார்ப்பது மூன்று மீற்றர் அகல வட்டத்தை மட்டுமே. நண்டு வலை போடுபவருக்கு மணலோடு கிடக்கும் நண்டை அது காட்டவே காட்டாது. அடி கல்லா சேறா என்று மட்டும் சொல்லும்: கல் என்றால் கோடு தடித்து, கீழே இரண்டாவது கோடும் விழும். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும்போது தெற்கே மன்னார் குடாவின் ஆழத்துக்குப் போகிறீர்கள் அல்லவா, கருவிக்குக் கொடுத்த காசு அங்கேதான் திரும்பி வரும்.