படலைச் சாத்திவிட்டு நடங்கள்

மெனோர்க்காவைக் கால்நடையாகச் சுற்றிவர 185 கிலோமீட்டர். ஸ்பெயினுக்குச் சொந்தமான இந்த மத்தியதரைக் கடல் தீவைக் கடலோரமாகவே ஒரு முழு வட்டம் அடிக்கிறது காமி டெ கவால்ஸ் என்ற பழைய குதிரைப் பாதை. அதை 20 பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பகுதி என்று நடந்து, ஒரு வாரத்தில் வட்டத்தை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. போகப்போகிறேன் என்று சொல்லும் நண்பர்களிடம் நான் சொல்வது வேறு. வட்டத்தை விட்டுவிடுங்கள். வடகரையில் நாலைந்து பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒன்று என்று நடங்கள். பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு முழுப் பகலைக் கொடுங்கள்.

ஏனென்றால் இது ஆளில்லாத காட்டுப் பாதை அல்ல. பல இடங்களில் யாரோ ஒருவருடைய மேய்ச்சல் நிலத்துக்குள் புகுந்துதான் அடுத்த கடற்கரைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு நிலத்துக்கும் கல்சுவர், சுவரில் ஒரு மரப்படல். காட்டு ஒலிவ மரத்தின் வளைந்த கிளைகளை வளைந்தபடியே வைத்துக் கையால் செய்த படல்கள் அவை. உப்புக் காற்றையும் மழையையும் தாங்கிப் பல வருடம் நிற்கின்றன. இதற்கென்றே தீவில் இன்னும் தச்சர்கள் இருக்கிறார்கள். நேராக்கப்படாத அந்த மரத்தின் அழகை நின்று பார்க்கத்தான் வேண்டும்.

படலைத் திறக்கும் முறையை எனக்குக் காட்டியவர் ஒரு மாட்டுக்காரப் பெரியவர். கறவை நேரம். மாடுகள் வரப்போகின்றன, சுவரோரம் ஒதுங்கி நில் என்று கையால் சொன்னார். எல்லாம் போன பிறகு, என்னைக் கூப்பிட்டுப் படலின் ஓரத்தை லேசாகத் தூக்கி நகர்த்திக் காட்டினார். தரையோடு இழுத்தால் கீல் தளர்ந்துவிடும். தூக்கித் திற, உள்ளே போ, தூக்கிச் சாத்து, கொண்டியை மாட்டு. பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திறந்துபோட்டு விட்டுப் போகாதீர்கள். ஒரு நிலத்தில் புல் தீர்ந்ததும் மாட்டை அடுத்ததற்கு மாற்றுகிறார்கள். சாத்தாத ஒரு படலால் அவர்கள் வாரக்கணக்கில் வளரவிட்ட புல் ஒரே மதியத்தில் போய்விடும்.

இந்தப் படல்கள் நடப்பவர்களுக்குத் திறந்ததற்கே ஒரு வரலாறு இருக்கிறது. கடலோரக் காவல் கோபுரங்களை இணைக்கவும், குதிரையில் ரோந்து போகவும் இருந்த பாதை இது. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தச் சின்னத் தீவு ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஸ்பானியர் என்று கை மாறிக்கொண்டே இருந்தது. கடைசியாக 1802இல்தான் ஸ்பெயினிடம் நிலைத்தது. ராணுவத் தேவை போனபின் பாதை கவனிப்பாரற்றுப் போனது. நில உரிமையாளர்கள் சில இடங்களில் அதை அடைத்துவிட்டார்கள். தீவு மக்கள் கூட்டமாகச் சேர்ந்து நடந்தே வழி கேட்டார்கள். 2000 டிசம்பரில், மெனோர்க்கா அடங்கிய பலேரிக் தீவுகளின் நாடாளுமன்றம் பொதுமக்கள் இதில் நடக்கும் உரிமையைச் சட்டமாக்கியது. 2010இல் பாதை முழுவதும் திறந்தது. நமக்கு வழிவிடும் நிலத்துக்காரரும், வழிக்காகப் போராடியவர்களும் ஒரே ஊர்க்காரர்கள். நாம் ஒழுங்காக நடந்துகொண்டால்தான் அந்த உடன்பாடு நிலைக்கும்.

சுவர்களைப் பார்ப்பதற்கென்றே மெதுவாக நடக்கலாம். சாந்து கிடையாது, கல்மேல் கல் மட்டுமே. நிலத்தில் கல்லைப் பொறுக்கினால்தான் விதைக்க முடியும். பொறுக்கிய கல்லே காற்றை மறிக்கும் சுவராகிவிட்டது. சுவரைத் தாண்ட வேண்டிய சில இடங்களில் நீளக் கற்களைப் பக்கவாட்டில் நீட்டிப் படி வைத்திருப்பார்கள். அதில் மட்டும் ஏறுங்கள். வேறெங்கே கால் வைத்தாலும் கல் சரியும். சாந்தில்லாமல் சுவர் கட்டும் இந்தக் கலையை 2018இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஸ்பெயினோடு கிரீஸ், சைப்ரஸ், குரோஷியா போன்ற நாடுகளும் சேர்ந்து கேட்டுப் பெற்ற அங்கீகாரம் அது.

இந்தக் கைவேலையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் கலா மொரெய்லிலிருந்து புன்டா நாட்டி போகும் பகுதிக்குப் போங்கள். மணல் இல்லை, மரம் இல்லை என்று பலரும் தவிர்க்கும் பகுதி இது. எனக்கு வட்டத்திலேயே இதுதான் மேல். பாறை வெளியில் ஆடு மாடுகள் ஒதுங்குவதற்காகக் கட்டிய வட்டக் கல்வீடுகள் அடுக்கடுக்காகக் குறுகிக்கொண்டே உயர்ந்து நிற்கின்றன. குனிந்து உள்ளே பார்த்தால் கூரையும் கல்தான். முனையில் 1913இல் எழுப்பிய கலங்கரை விளக்கம். அதற்கு மூன்று வருடம் முன்பு, மார்செய்யிலிருந்து அல்ஜியர்ஸ் போன ஜெனரல் ஷான்சி என்ற கப்பல் இந்தப் பாறைகளில் மோதி உடைந்தது. ஒரே ஒருவர்தான் உயிர் பிழைத்தார். அந்தக் கரையில் நின்று கீழே அலையைப் பார்த்தால் கப்பல் எப்படி உடைந்தது என்று கேட்கத் தோன்றாது. நிழலே இல்லாத வெளி, அதனால் விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும்.

காலம் என்றால் ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர். வசந்தத்தில் பாதையைக் கடக்கும் நிலத்தாமைகளைக் காணலாம். தூக்காதீர்கள், அவை தம் வழியில் போகட்டும். ட்ரமுன்டானா என்னும் வடகாற்று பலமாக வீசும் என்று வானிலை அறிவிப்பு வந்தால் அன்றைக்கு வடகரை வேண்டாம். அங்கே மரங்களெல்லாம் தெற்கே சாய்ந்து கிடப்பதே போதிய எச்சரிக்கை. அந்த நாளில் தென்கரைக்குப் போய்விடலாம். அங்கே பைன் மரங்களும் சுண்ணாம்புக் கல் பள்ளத்தாக்குகளும் காற்றைத் தடுக்கும்.

தீவின் உயர்ந்த மலையே 358 மீட்டர்தான் என்பதை நம்பிப் பினிமெல்லாவிலிருந்து எல்ஸ் அலோக்ஸ் போகும் பகுதியை எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு விரிகுடாவுக்கும் இறங்கி ஏறி இறங்கி ஏறி முழங்கால் கெஞ்சிவிடும். வழியில் குடிநீர்க் குழாய் கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் சுமக்கத்தான் வேண்டும். கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க அனுமதியில்லை. ஆகவே தீவின் நடுவில் ஃபெர்ரேரியஸ் போன்ற ஒரு சிற்றூரில் அறை எடுத்துக்கொண்டு, மூட்டையை அங்கேயே போட்டுவிட்டுத் தினமும் போய்வருவதே நல்லது. கடற்கரைகளுக்கு விடும் பேருந்துகள் பெரும்பாலும் கோடையில் மட்டுமே ஓடுகின்றன. மற்ற மாதங்களில் டாக்சிக்கும் பணம் ஒதுக்குங்கள். கடற்கரைக்கு வந்து சேர்ந்ததும் பழுப்பாகக் குவிந்து கிடப்பதைப் பார்ப்பீர்கள்; அது குப்பையல்ல, கடற்புல்லின் இலை. மணலை அலை அரித்துப் போகாமல் காப்பது அதுதான்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையில்லை. தக்காளி, வெங்காயம், குடைமிளகாய், பூண்டை ஒலிவ எண்ணெயில் வதக்கித் தண்ணீர் ஊற்றி, கொதிக்கவிடாமல் சுடவைத்து மெல்லிய ரொட்டித் துண்டுகளின் மேல் ஊற்றும் ஒலியாய்குவா என்ற சூப் உண்டு. கோடையில் அத்திப்பழத்தோடு தருவார்கள். வழிச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் மாஹோன் சீஸும் போதும். நீங்கள் ஒதுங்கி வழிவிட்ட மாடுகளின் பாலில் செய்ததாகவே அது இருக்கலாம். சில பண்ணைகளில் நேரடியாகவே விற்கிறார்கள். இளசு, நடுத்தரம், முற்றியது என்று மூன்று பக்குவம் இருக்கும். பையில் வெயிலை அதிகம் தாங்குவது முற்றியது. வடகாற்றடிக்கும் நாளில் சாப்பிடச் சுவரின் தென்பக்கமாக உட்காருங்கள், ரொட்டி பறக்காது.