சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த நிபந்தனைகள்

எங்கள் தெருமுனையில் தையல் மெஷின் போட்டிருக்கும் அக்கா போன ஆண்டு ஜூலையில் ஒரு மாலை இரண்டு கடிதங்களோடு வந்தார். இரண்டும் அவர் மகள் படிக்கும் கல்லூரியிலிருந்து வந்தவை. ஒன்று ஒரு வருடம் பழையது. கல்விக் கட்டணத்தில் 50 சதவீதம் சலுகை என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதை லேமினேட் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தார். இன்னொன்று அன்றைக்கு வந்தது. இரண்டாம் ஆண்டுக்கு முழுக் கட்டணம் கட்டச் சொன்னது.

"தம்பி, குடுத்தத எப்படிப்பா திரும்ப எடுப்பாங்க? எழுதிக் குடுத்திருக்காங்கல்ல?"

எழுதித்தான் கொடுத்திருந்தார்கள். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பத்துப் பன்னிரண்டு வரிகள். ஆறாவது வரி இப்படிச் சொன்னது: ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் சி.ஜி.பி.ஏ. 8க்குக் குறையாமல், அரியர் ஏதும் இல்லாமல் இருந்தால் மட்டுமே சலுகை தொடரும். அந்தப் பெண் எடுத்திருந்தது 7.8. ஒரு வருடமாக அந்த வரி சுவரைப் பார்த்துக்கொண்டு தொங்கியிருக்கிறது.

நாவலூரில் நான் சில வருடங்களாக விடுமுறை நாட்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். சிறுசேரி சிப்காட்டில் செக்யூரிட்டி வேலை பார்ப்பவர், அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்பவர், கேப் ஓட்டுபவர் என்று வருகிற பெற்றோர் பெரும்பாலும் தங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதிக்கப் போகும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். உதவித்தொகை பற்றி அவர்கள் நம்பி வரும் சில விஷயங்கள் ஆண்டுதோறும் மாறாமல் திரும்பி வருகின்றன. அவற்றின் விலை லட்சக் கணக்கில் போகிறது என்பதால் எழுதுகிறேன்.

"ஒரு தடவை கிடைச்சுட்டா நாலு வருஷத்துக்கும் கவலை இல்ல."

கல்லூரிகள் தாங்களாகத் தரும் சலுகைக்கு மட்டுமல்ல, அரசு உதவித்தொகைகளுக்கும் இது பொருந்தாது. மத்திய அரசு, கல்லூரியில் சேரும் மாணவர்களுக்குத் தரும் மத்தியத் துறை உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் போர்டில் 80வது பெர்சென்டைலுக்கு மேல் வந்தவர்கள், குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். பொறியியல் போன்ற நான்கு வருடப் படிப்பானால் கடைசி ஆண்டுக்கு 20,000. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். முந்தைய ஆண்டுத் தேர்வில் குறைந்தது 50 சதவீத மதிப்பெண், 75 சதவீத வருகை இரண்டும் தேவை. மதிப்பெண்ணில் தவறுவதைவிட வருகையில் தவறுகிற பிள்ளைகள்தான் என் கண்ணில் அதிகம் படுகிறார்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு வாரம் வேலைக்குப் போய் வந்த பையனுக்கு, அந்த இரண்டு வாரம் உதவித்தொகைக் கணக்கிலும் ஏறுகிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆன்லைனில் 'சப்மிட்' கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதும் இதோடு சேர்ந்தது. அந்த இணையதளத்தில் கல்லூரியின் பொறுப்பு அலுவலர் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் விண்ணப்பம் நகரும். கடைசித் தேதிக்கு முன்பு ஒரு முறையாவது கல்லூரி ஆபீஸ் ரூமுக்குப் போய், "என்னோடது வெரிஃபை ஆயிடுச்சா சார்?" என்று கேட்டுவிட்டு வர வேண்டும்.

"முதல் பட்டதாரி சர்டிபிகேட் இருக்கு. எந்தக் காலேஜ்ல சேர்ந்தாலும் ஃபீஸ் கிடையாது."

அதிகம் பேர் விழும் பள்ளம் இதுதான். நாங்கள் இருக்கும் பகுதியில் அது இன்னும் ஆழமாக இருக்கிறது.

முதல் பட்டதாரி சலுகை தமிழ்நாட்டில் 2010-11 கல்வியாண்டில் தொடங்கியது. சாதி பார்ப்பதில்லை, வருமான வரம்பும் இல்லை. குடும்பத்தில் இதற்கு முன் பட்டதாரி யாரும் இருக்கக்கூடாது என்பது மட்டுமே அடிப்படை. அதற்காக விண்ணப்பத்தில் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களோடு தாத்தா பாட்டியின் படிப்பையும் கேட்கிறார்கள். இந்தச் சலுகையை ஒரு குடும்பத்தில் ஒருவர்தான் பெறலாம். அக்கா ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. வேறு யாரும் வாங்கவில்லை என்று வீட்டார் சேர்ந்து உறுதிமொழியும் கொடுக்க வேண்டும்.

சலுகையின் உயிர், பிள்ளை எந்த வழியாகச் சேர்கிறது என்பதில் இருக்கிறது. தொழிற்படிப்புகளில் அரசின் ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் இது. அதே கல்லூரியில், அதே வகுப்பில், அதே பெஞ்சில் உட்காரும் மேனேஜ்மென்ட் கோட்டா மாணவருக்குக் கிடையாது, அவர் வீட்டில் ஏழு தலைமுறையாக யாரும் கல்லூரிக்குப் போயிருக்காவிட்டாலும்.

இனி எங்கள் ஊர்ப்பக்கத்து நிலவரம். தாம்பரத்தைச் சுற்றியும் ஓ.எம்.ஆர். நெடுகவும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் வரிசையாக இருக்கின்றன. செம்மஞ்சேரி அருகே சத்யபாமா, படூரில் இந்துஸ்தான், பல்லாவரத்தில் வேல்ஸ், சேலையூர்ப் பக்கம் பாரத், வண்டலூரில் கிரசென்ட், வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில் வி.ஐ.டி., காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். இவை தாங்களே மாணவர்களைச் சேர்த்துக்கொள்பவை. தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்கில் இவற்றின் இடங்கள் வராது. ஆகவே முதல் பட்டதாரி சலுகையும் வராது. இவற்றுக்கு நடுவிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளும் இருக்கின்றன. சாலையில் போகும் பஸ்களைப் பார்த்து எது எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே அட்மிஷனுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்த இடம் கவுன்சலிங் கோட்டாவா, மேனேஜ்மென்ட்டா, நிகர்நிலையா?" முன்பணத்தைக் கட்டிவிட்டு இதை என்னிடம் கேட்கும்போது சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருப்பதில்லை.

கவுன்சலிங்கில் சேர்ந்தாலும் ஃபீஸே கிடையாது என்பது சரியல்ல. தனியார் பொறியியல் கல்லூரியில் இந்தச் சலுகை ஆண்டுக்கு 25,000 ரூபாய். கட்டண நிர்ணயக் குழு 2017இல் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு, அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவானால், 55,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அந்தக் கணக்கில் மீதி 30,000 வீட்டிலிருந்து போக வேண்டும். பஸ் ஃபீஸ், பரீட்சைக் கட்டணம், ஹாஸ்டல், சாப்பாடு இவை எதையும் சலுகை தொடுவதில்லை. தாம்பரத்திலிருந்து ஓ.எம்.ஆர். வரும் காலேஜ் பஸ்ஸின் கட்டணத்தைக் கேட்டுவிட்டு, அதே கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் இரண்டு மாறிப் போகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

"கவர்மென்ட் ஸ்கூல்ல பன்னெண்டாவது முடிச்சா எல்லாம் கிடைக்கும்."

பன்னிரண்டாவது மட்டும் போதாது. ஆறாம் வகுப்பிலிருந்தே பார்ப்பார்கள். மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது; மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டுக்கும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் ஆறாம் வகுப்பே தொடக்கம். அதில் இடம் கிடைத்தவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. மற்ற எந்த உதவியும் அந்த அளவுக்கு வராது.

இந்த நிபந்தனையால் ஒரு தலைமுறையே வெளியே நிற்கிறது என்பதை மனம் கனத்துத்தான் சொல்கிறேன். கொரோனா காலத்தில் சம்பளம் நின்றுபோன எத்தனையோ வீடுகளில், மெட்ரிகுலேஷன் பள்ளியிலிருந்து பிள்ளைகளை எடுத்து அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். எட்டிலோ ஒன்பதிலோ அப்படி மாறியவர்கள் இப்போது கல்லூரியில் இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களை அரசுப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஆறும் ஏழும் தனியாரில் படித்ததால் அவர்களுக்கு இந்த உதவிகள் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் வழி இருக்கிறது. அந்தச் சட்டத்தில்தான் சேர்ந்தோம் என்பது நினைவிருந்தால், பழைய பள்ளியில் கேட்டுச் சான்று வாங்கிவிடுங்கள். அரசு இந்த இடத்தை மறுபடி யோசிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

இன்னொரு பக்கம், கிடைக்க வேண்டியதை வதந்தியை நம்பி விடுபவர்களும் உண்டு. வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினால் மாதம் 1,000 கிடைக்காது என்பது தவறு. அதோடு சேர்த்தே வாங்கலாம். ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்குத்தான் என்பதும் தவறு.

"அக்கவுன்ட்ல ஏறின பணம் நம்ம பணம்."

ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான திட்டத்தில், 2020 டிசம்பரில் எடுத்த முடிவின்படி, செலவில் 60 சதவீதத்தை மத்திய அரசும் 40 சதவீதத்தை மாநில அரசும் ஏற்கின்றன. மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. இடையில் யாரும் கைவைக்க முடியாது என்ற வகையில் நல்ல ஏற்பாடு. ஆனால் வரும் தொகையில் ஒரு பகுதி கல்லூரிக்குக் கட்ட வேண்டிய கட்டணம், இன்னொரு பகுதி மாணவரின் செலவுக்கான படி. எது எது என்று எஸ்.எம்.எஸ். பிரித்துச் சொல்லாது. வாடகை பாக்கி, நகைக்கடன் வட்டி என்று அவசரம் நிற்கும் வீட்டில் மொத்தமும் கரைந்துவிடும். பிறகு பரீட்சைக்கு முன்னால் கல்லூரி பணம் கேட்கும். பணம் ஏறிய அன்றே கல்லூரியில் போய்க் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, அதைக் கட்டி ரசீது வாங்குங்கள். ஆதார் இணைக்காத கணக்கும், பயன்படுத்தாமல் முடங்கிப்போன கணக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடும். விண்ணப்பிக்கும் முன்பே வங்கியில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"லோனும் ஸ்காலர்ஷிப் மாதிரிதான். படிச்சு முடிக்கிற வரைக்கும் வட்டி இல்ல."

வட்டி முதல் தவணைப் பணம் போன நாளிலிருந்தே ஓடுகிறது. படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் திருப்பிக் கட்டச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் கால வட்டியை அரசு கட்டும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தொழில், தொழில்நுட்பப் படிப்பாக இருக்க வேண்டும். கல்லூரிக்கு நாக் அல்லது பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரம் வேண்டும். நடுவில் படிப்பை விட்டுவிட்டால், மருத்துவக் காரணம் தவிர, இந்தச் சலுகை போய்விடும். 2024 நவம்பரில் ஒப்புதலான பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் 8 லட்சம் வரை வருமானம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்கு, இதே காலத்துக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆனால் அது தேசியத் தரவரிசையில் வந்த கல்லூரிகளுக்கு மட்டும், தொடங்கியபோது 860. உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வங்கிக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சலுகை கொடுத்ததால் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளலாம் என்று பல பெற்றோர் ஒப்புக்கொள்கிறார்கள். சரிபார்த்துவிட்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று யு.ஜி.சி. 2018இல் அறிவித்திருக்கிறது. கையில் நகலை மட்டும் கொடுங்கள்.

தையல் அக்காவின் கடிதத்துக்கு வருகிறேன். அன்று ஆறாவது வரியைப் படித்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து நானும் அங்கேயே நிறுத்திவிட்டேன். அவர் மெஷின் மேல் கடன் வாங்கி இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டினார். சில நாள் கழித்து மகள் அந்த லேமினேஷன் அட்டையை எடுத்துவந்தாள். "அங்கிள், ஒன்பதாவது வரியப் பாத்தீங்களா?" என்றாள். சலுகையை இழந்த மாணவர் பின்னர் அதே மதிப்பெண்ணை எட்டினால், முடிவு வந்த முப்பது நாளுக்குள் எழுத்தில் விண்ணப்பித்து, அடுத்த ஆண்டுக்குச் சலுகையைத் திரும்பப் பெறலாம் என்று இருந்தது. கல்லூரியில் யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. நானும் படித்திருக்கவில்லை.

நான்காவது செமஸ்டர் முடிவில் அவளுடைய சி.ஜி.பி.ஏ. 8.1. முடிவு வந்த மூன்றாம் நாள் விண்ணப்பத்தை அவளே எழுதினாள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஆபீஸ் ரூம் சீலும் தேதியும் வாங்கிவந்தாள். மூன்றாம் ஆண்டுக்குச் சலுகை திரும்பக் கிடைத்த கடிதம் ஆகஸ்டில் வந்தது. அதை அவர்கள் சுவரில் மாட்டவில்லை. மெஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில், பின்பக்கம் மேலே தெரிய வைத்திருக்கிறார்கள்.