பழைய ஃபிலிம் நிறம் வேண்டுமா?

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956-இல் வெளியிட்ட ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். கேவா கலர் ஃபிலிமில் எடுத்தது. அந்தக் காலச் சாயலை இன்று லைட்ரூம் செயலியின் பிரீசெட் ஒரே தட்டலில் தந்துவிடுகிறது. ஆனால் அது யாரோ சேமித்து வைத்த அளவுகள்தான். உங்கள் படம் எந்த வெயிலில் எடுத்தது என்று அதற்குத் தெரியாது. அதனால் வெளிச்சத்தையும் ஒயிட் பேலன்ஸையும் முதலில் சரிசெய்யுங்கள்.

நாமக்கல் கோட்டையை உச்சிவெயிலில் எடுத்த படத்தில் மஞ்சள் தூக்கலான பிரீசெட் போட்டால், சாம்பல் நிறப் பாறை செம்மண் மேடாகிவிடும். படத்தில் வெள்ளை வேட்டி இருந்தால் அதையே அளவுகோலாக வையுங்கள். வேட்டி பழுப்பேறுகிறதா? பிரீசெட்டின் அளவை 100-இலிருந்து 50-க்கு இறக்குங்கள்.

கல்யாணப் படங்களில் கூடுதல் கவனம் தேவை. முகம் ஆரஞ்சாகத் தெரிந்தால் ஆரஞ்சின் செறிவை மட்டும் குறைத்தால் போதும். மஞ்சளில் கை வைத்தால் தாலிக்கயிறும் மாலையும் களையிழக்கும். மாநிற முகத்தை வெளுக்கவைக்கும் பிரீசெட், மற்ற விதத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும், வேண்டவே வேண்டாம்.

ஆல்பம் முழுக்க ஒரே பிரீசெட் போடுங்கள். ஃபிலிம் போன்ற புள்ளிகளைத் தரும் கிரெய்ன் சேர்த்திருந்தால், அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு படத்தை மட்டும் பிரின்ட் போட்டுப் பாருங்கள். செல்போன் திரையில் தெரியாத புள்ளிகள் பெரிய தாளில் துருத்தும்.