கியர் ராடு இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் காரா?

"ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிட்டு ஆட்டோமேட்டிக் எடுத்தாரா? அப்புறம் எதுக்குங்க ஸ்போர்ட்ஸ் கார்?" பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் செங்கம் சாலை டீக்கடைகளில் இந்தக் கேள்வி காதில் விழுந்தால் ஆச்சரியமில்லை. கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை வழியாகப் பெங்களூரு கார்களும், திண்டிவனம், செஞ்சி வழியாகச் சென்னைக் கார்களும் திருவண்ணாமலைக்கு வந்து குவியும் நாட்கள் அவை. இன்னோவாக்களுக்கும் எர்டிகாக்களுக்கும் நடுவே தரையோடு தரையாக ஒரு பிஎம்டபிள்யூ எம்2வோ போர்ஷேவோ ஊர்ந்து வந்தால், வேடிக்கை பார்ப்பவர்கள் முதலில் சக்கரத்தைப் பார்ப்பார்கள், அடுத்து கண்ணாடி வழியாகக் கியர் ராடை எட்டிப் பார்ப்பார்கள். அதன் தலையில் ஒன்று முதல் ஆறு வரை எண் இருந்தால் மரியாதை. இல்லாவிட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

அந்தப் பிதுக்கலுக்குப் பின்னால் சில நம்பிக்கைகள் இருக்கின்றன. அவற்றில் சில முப்பது வருடம் முன்பு உண்மையாக இருந்தவை. ஒன்றிரண்டு இன்றும் உண்மைதான். மற்றவை வெறும் வீராப்பு.

மேனுவல்தான் வேகம் என்பது முதல் நம்பிக்கை. 2021இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 காரை எடுத்துக்கொள்வோம். ஒரே கார், ஒரே 510 குதிரைத்திறன் எஞ்சின். கியர்பாக்ஸ் மட்டும் இரண்டு விதம். நிறுவனம் கொடுத்த கணக்குப்படி நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆட்டோமேட்டிக்குக்கு 3.4 விநாடி, மேனுவலுக்கு 3.9 விநாடி. மேனுவல் கார் 17 கிலோ எடை குறைவு. உச்ச வேகத்திலும் அதற்குத்தான் சாதகம்: 318க்கு எதிராக 320. இருந்தும் புறப்பாட்டில் அரை விநாடி பின்தங்குகிறது.

காரணம் எளிது. அந்த ஆட்டோமேட்டிக், அதாவது போர்ஷேயின் பிடிகே, ஓர் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். ஒற்றைப்படை கியர்கள் ஒரு கிளட்சின் பொறுப்பு, இரட்டைப்படை கியர்கள் இன்னொன்றின் பொறுப்பு. மூன்றாவது கியரில் ஓடும்போதே நான்காவது மாட்டப்பட்டுக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விடுகிற கணத்தில் மற்றது பிடித்துக்கொள்ளும். மனிதன் கிளட்சை மிதித்து, ராடை இழுத்து, காலை எடுப்பதற்குள் அங்கே வேலை முடிந்திருக்கும். எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் இயந்திரத்தை ஜெயிக்க முடியாது.

"அப்படியானால் ரேஸ்காரர்கள் ஏன் மேனுவல் ஓட்டுகிறார்கள்?" என்ற கேள்வி உடனே வரும். உயர்மட்டப் பந்தயங்களில் அவர்கள் அதை விட்டு வெகுகாலம் ஆகிறது. 1989இல் ஃபெராரி 640 காரில் ஜான் பர்னார்ட் கிளட்ச் பெடலுக்கு வேலை வைக்காமல், ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருக்கும் பேடிலைத் தட்டிக் கியர் மாற்றும் முறையைக் கொண்டுவந்தார். அந்த வண்டி முதல் பந்தயத்தை முழுசாக ஓட்டி முடிக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. பிரேசிலில் நைஜல் மேன்சல் அதில் ஜெயித்தே விட்டார். சில வருடங்களில் ஃபார்முலா ஒன் முழுக்கப் பேடிலுக்கு மாறியது. 2005இல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஓட்டியபோது கியர் மாற்றியது விரலால்தான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததே, அந்தப் பந்தய போர்ஷேயிலும் பேடில்தான்.

இன்னும் பின்னால் போனால் சுவாரசியமான ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த ஜிம் ஹால் அறுபதுகளிலேயே தன் சாபரால் பந்தயக் கார்களில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வைத்தார். 1966இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 1000 கிலோமீட்டர் பந்தயத்தை அப்படிப்பட்ட கார் ஒன்று வென்றது. அடுத்த வருடத்துக் காரில் இன்னும் ஒரு படி மேலே போனார். கிளட்ச் இல்லாததால் சும்மா இருந்த இடது காலுக்கு, முதுகில் உயர்ந்து நின்ற பெரிய இறக்கையைச் சாய்க்கும் பெடலைக் கொடுத்துவிட்டார்! அந்தக் காரும் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் ஜெயித்தது. ஆட்டோமேட்டிக் சோம்பேறிகளுக்கு என்று சொல்பவர்கள் இந்த இடது காலைப் பற்றி யோசிக்கலாம்.

மேனுவல் கட்சியின் வாதத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. பந்தயக் காரில் பேடில் இருக்கிறது என்பதற்காக அது நம்மூர் ஆட்டோமேட்டிக் ஆகிவிடாது. எந்த இடத்தில் எந்த கியர் என்பதை ஓட்டுநர்தான் முடிவு செய்கிறார். தானாகவே கியர் மாறும் அமைப்பை ஃபார்முலா ஒன் 2004இல் தடை செய்தது. ஆக, பந்தயத்தில் போனது கிளட்ச் பெடல். ஓட்டுநரின் முடிவு போகவில்லை. நல்ல ஸ்போர்ட்ஸ் கார் ஆட்டோமேட்டிக்கிலும் எம் என்ற நிலைக்குத் தள்ளிப் பேடிலைப் பிடித்தால் அந்த முடிவு உங்கள் கைக்கு வந்துவிடும். வாங்கியவர்களில் எத்தனை பேர் அதைத் தொடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

பிறகு மேனுவலில் என்னதான் மிச்சம்? சுகம். அதை ஒப்புக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2013இல் போர்ஷே புதிய ஜிடி3 காரை ஆட்டோமேட்டிக்கில் மட்டுமே கொடுத்தது. வேகம் அதிகம், பந்தய நேரம் குறைவு, எல்லாம் சரி. ஆனால் ரசிகர்கள் கொதித்தார்கள். 2016இல் மேனுவல் மட்டுமே உள்ள 911 ஆர் என்ற காரை 991 எண்ணிக்கையில் நிறுவனம் செய்தது. அதைக் கையிலெடுக்க நடந்த போட்டியில் பழைய கார்ச் சந்தையில் விலை எங்கேயோ போயிற்று. 2017இல் ஜிடி3க்கே மேனுவல் திரும்பி வந்தது. அரை விநாடி தாமதத்தைத் தெரிந்தே வாங்குகிறவர்கள் அவர்கள். சரியான நேரத்தில் ஆக்சிலேட்டரைத் தட்டி, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கைக்கும் காலுக்கும் கிடைக்கும் அந்தத் திருப்திக்கு விலை கொடுக்கிறார்கள். 2023இல் ஹூண்டாய், ஐயோனிக் 5 என் என்ற மின்சார காரில் இல்லாத கியர்களைப் போலியாக மாற்றி, குலுக்கலும் சத்தமும் கொடுக்கும் வசதியை வைத்தது. கியரே தேவைப்படாத வண்டிக்கும் கியர் சுகம் வேண்டியிருக்கிறது.

மைலேஜ் கதை சீக்கிரம் முடிகிற கதை. தொண்ணூறுகளின் மூன்று, நான்கு கியர் ஆட்டோமேட்டிக்குகள் பெட்ரோல் குடித்தது உண்மை. இப்போது மேலே சொன்ன அதே 2021 ஜிடி3 ஐரோப்பியச் சோதனையில் 100 கிலோமீட்டருக்கு மேனுவலில் 13.3 லிட்டரும், பிடிகேவில் 12.4 லிட்டரும் எடுத்தது. நம் பட்ஜெட்டுக்கு வந்தால், இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 2021இல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைனுக்கு நிறுவனம் சொன்ன கணக்கு: கிளட்ச் பெடல் இல்லாத மேனுவலில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர், இரட்டைக் கிளட்ச்சில் 20.25. வித்தியாசம் ஓட்டுகிற காலில்தான் இருக்கிறது.

எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றுதான் என்பது இன்னொரு நம்பிக்கை. இதுதான் மிகவும் செலவு வைக்கக்கூடியது. திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நடப்பவர்களுக்கு. வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே தற்காலிக நிறுத்தங்களில் மடக்கிவிடுவார்கள். அந்த நிறுத்தத்தை அடையும் கடைசி சில கிலோமீட்டர்தான் கியர்பாக்ஸுக்கு உண்மையான பரீட்சை. பத்தடி நகர்ந்து நிற்பது, மறுபடி பத்தடி. இங்கே நான்கு வகை ஆட்டோமேட்டிக்குகளும் நான்கு விதமாக நடந்துகொள்ளும்.

டார்க் கன்வெர்ட்டர் என்பது பழைய வகை. ஓடுகிற மின்விசிறிக்கு எதிரே இன்னொரு விசிறியை வைத்தால் காற்றிலேயே அதுவும் சுற்றும் அல்லவா, அதே வேலையை இங்கே எண்ணெய் செய்கிறது. ஊரும்போது தேய்வதற்கு அங்கே கிளட்ச் பிளேட் இல்லை. எம் வரிசைக் கார்களில் இரட்டைக் கிளட்ச் வைத்திருந்த பிஎம்டபிள்யூ, 2017இன் எம்5 முதல் டார்க் கன்வெர்ட்டருக்கே திரும்பியது. கிழட்டுத் தொழில்நுட்பம் என்று ஒதுக்கப்பட்டது, எட்டு கியரோடு திரும்பி வந்து நெரிசலில் நிம்மதியாக நிற்கிறது. சிவிடி பெல்ட்டில் ஓடுவது, சாந்தமானது, ஸ்போர்ட்ஸ் காருக்குப் பொருந்தாதது. ஏஎம்டி, 2014இல் மாருதி செலேரியோவோடு நம் ஊருக்கு வந்தது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் ஒரு இயந்திரக் கை செய்கிறது.

மீதம் இருப்பது இரட்டைக் கிளட்ச். இதிலும் இரண்டு ரகம். எண்ணெயில் நனைந்தபடி ஓடுவது ஒன்று, உலர்ந்தபடி ஓடுவது ஒன்று. உலர் ரகம் விலையும் எடையும் குறைவு என்பதால் சிறிய கார்களுக்கு வரும். ஆனால் பத்தடி பத்தடியாக ஊரும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உராய்ந்து சூடேறும், அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே எண்ணெய் இல்லை. ஃபோக்ஸ்வேகனின் டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் உலர் இரட்டைக் கிளட்ச், மின்-எண்ணெய்க் கட்டுப்பாட்டுப் பகுதியின் கோளாறால் 2013இல் சீனாவில் மட்டும் 3,84,000க்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்படக் காரணமானது. ஆகவே ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி, "ஆட்டோமேட்டிக் இருக்கா?" அல்ல, "எந்த ஆட்டோமேட்டிக், கிளட்ச் எண்ணெயிலா, உலர்ந்ததா?" என்பதுதான். உலர் ரகம் வைத்திருப்பவர்கள் நெரிசலில் பிரேக்கை லேசாக விட்டு விட்டு ஊரக் கூடாது. முன்னால் ஒரு கார் நீளம் இடம் கிடைக்கும்வரை நன்றாக மிதித்து நின்று, பிறகு ஒரேயடியாக நகர வேண்டும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

மேனுவல் இங்கே தப்பித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஹாஃப் கிளட்ச்சில் அதே நெரிசலைக் கடப்பவரின் கிளட்ச் பிளேட்டும் அதே வேகத்தில் தேய்கிறது. ஒரே ஆறுதல், அது வாடை அடித்துச் சொல்லிவிடும்.

மலைக்குப் போனால் வேறொரு நம்பிக்கை காத்திருக்கிறது: ஆட்டோமேட்டிக்கில் எஞ்சின் பிரேக் இல்லை. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறுகிறவர்களும், பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரிக்குப் போகிறவர்களும் இதைச் சொல்வார்கள். டியில் போட்டுவிட்டு இறங்கினால் வண்டி பெரிய கியருக்குத் தாவி ஓடப் பார்ப்பது நிஜம். பேடிலிலோ எம் நிலையிலோ இரண்டாவது கியரைப் பிடித்து வைத்தால் எஞ்சின் இழுத்துப் பிடிக்கும், மேனுவலில் பிடிப்பது போலவே. உண்மையில் ஆபத்தான நம்பிக்கை மேனுவல்காரர்களிடம் இருக்கிறது: நியூட்ரலில் விட்டு இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்பது. இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டாலே இறக்கத்தில் பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் அணையாமல் இருக்க எரிபொருள் குடிக்கும். பாரம் முழுக்கப் பிரேக் மேல் விழுந்து, சூடேறி, கடைசி வளைவில் பிடிக்காமல் போகும். முப்பத்தாறு வளைவுகள் உள்ள கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்கக் கட்டுப்பாடு வந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட பிரேக்குகளின் கதை நிறைய உண்டு.

மேனுவலுக்கு ரிப்பேர் செலவு குறைவு என்பதில் பாதி உண்மை இருக்கிறது. சாதாரண காருக்குக் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் போளூர் சாலையிலேயே ஒரு மெக்கானிக் ஒரு நாளில் மாற்றிக் கொடுப்பார். இரட்டைக் கிளட்சில் கோளாறு வந்தால் ஸ்கேனர் வேண்டும், அந்த நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும், பெரும்பாலும் பகுதியையே முழுசாக மாற்ற வேண்டும். ஆனால் போர்ஷே ரக கார்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. மேனுவலாக இருந்தாலும் லாரியில் ஏற்றிச் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் அனுப்ப வேண்டும். பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது என்பது மட்டும் முழு உண்மை. எஞ்சின் ஓடாமல் பெரும்பாலான ஆட்டோமேட்டிக்குகளில் எண்ணெய் அழுத்தம் வராது, அழுத்தம் வராமல் எந்தக் கியரும் பிடிக்காது. ஜம்பர் கேபிள் ஒன்றை டிக்கியில் போட்டு வைப்பது நல்லது.

இத்தனை வாதங்களுக்கும் இந்தியச் சந்தை வேறு வழியில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. 2025இல் இங்கே விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இரண்டிலும் மேனுவல் கிடையாது. எம்2வில் இரண்டும் உண்டு. 2023இல் வந்தபோது 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஆட்டோமேட்டிக்குக்கு 4.1 விநாடி, மேனுவலுக்கு 4.3. ஐ20 என் லைனில் 2023 முதல் கிளட்ச் பெடலோடு கூடிய முழு மேனுவல் வந்திருக்கிறது. கிளட்ச் மிதிக்கப் பிடித்தவர்கள் வேகம், மைலேஜ் என்று சாக்குத் தேடாமல், பிடித்திருக்கிறது என்று சொல்லியே அதை வாங்கலாம். டெஸ்ட் டிரைவை மட்டும் காலியான பைபாஸில் வைத்துக்கொள்ளாமல், மாலை ஆறு மணிக்கு ஊருக்குள் வைத்துக்கொண்டால் போதும்.