ஹலிஸ்கோவில் மழைக்கு முன்: இந்த வாரம் மாடி ஏறுங்கள்

மே மாதக் கடைசி. குவாதலஹாராவில் வெயில் உச்சத்தில் இருக்கிறது. சப்பாலா ஏரிக்கரை மரங்களில் சில்வண்டுகள் காது கிழியக் கத்துகின்றன. அவை கத்தத் தொடங்கி ஆறு வாரத்தில் மழை வரும் என்பது ஏரிக்கரைக்காரர்களின் கணக்கு. ஜூன் நடுவில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாது. இங்கே அதைத் ‘தெம்போரால்’ என்பார்கள். ஐப்பசி மழைக்குப் பழகி, ஐ.டி. வேலைக்காக இங்கு வந்திருக்கும் நம்மவர்கள் ஜூனை இன்னும் வெயில் மாதமாகவே நினைத்திருக்கலாம். அந்த நினைப்பை விடுங்கள். தரை காய்ந்திருக்கும்போது மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் சில உண்டு. அவற்றுக்கு இரண்டு வாரம்தான் மிச்சம்.

முதல் வேலை மொட்டை மாடி. தளத்தின் மேல் சிவப்பாகவோ வெள்ளையாகவோ ரப்பர் போல ஒரு பூச்சு இருக்கும். ‘இம்பெர்மெயாபிலிசாந்தே’ என்று கேட்டால் எந்தப் பெயின்ட் கடையிலும் வாளியாகக் கிடைக்கும். மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று அதன் ஆயுளை வாளியிலேயே போட்டிருப்பார்கள். நீர் இறங்குவது பெரும்பாலும் தளத்தின் நடுவில் அல்ல. கைப்பிடிச் சுவர் தரையைத் தொடும் மூலை, குழாய் தளத்தைத் துளைக்கும் இடம், தண்ணீர்த் தொட்டியின் அடிப்பீடம் ஆகிய இடங்களில் குனிந்து பாருங்கள். பூச்சு கொப்பளித்திருந்தாலோ நகத்தால் கீறினால் உரிந்து வந்தாலோ அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, விரிசலை அடைத்து, வலைத்துணி வைத்து, இரண்டு கை பூச வேண்டும். முதல் கை நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவது கை, குறுக்குவாட்டில். ஈரத்தின் மேல் பூசினால் ஒட்டாது; ஜூலையில் ஆள் கூப்பிட்டுப் பயனில்லை என்பது அதனால்தான். வாடகை வீடு என்றால் இன்றே படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வாயால் சொன்னது பிறகு நிற்காது.

மாடியில் இருக்கும்போதே மழைநீர் வடியும் துளைகளில் கிடக்கும் சருகை அள்ளிவிடுங்கள். 2019 ஜூன் 30 அன்று குவாதலஹாராவில் விழுந்த ஆலங்கட்டி சில தெருக்களில் ஒரு மீட்டருக்கு மேல் குவிந்து கார்களையே மூடியது. அவ்வளவு பெரிதாக வராவிட்டாலும், சாதாரண ஆலங்கட்டி அரைமணி நேரம் பெய்தாலே துளை அடைபட்டு மாடி குளமாகிவிடும்.

‘தினாக்கோ’ என்னும் மாடித் தொட்டியைக் கழுவி, மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று பாருங்கள். கொசு புகும் இடைவெளி இருந்தால் டெங்குவுக்கு அதுவே போதும். 2019-லும் 2024-லும் இந்த மாநிலம் டெங்குவால் மிகவும் அவதிப்பட்டது. கழுவு, மூடு, கவிழ், எறி என்று சுகாதாரத் துறை ஆண்டுதோறும் சொல்லும் நான்கையும் வாரம் ஒருமுறை செய்யுங்கள். பூந்தொட்டித் தட்டையும் நாய்க்குத் தண்ணீர் வைக்கும் கிண்ணத்தையும் விட்டுவிடாதீர்கள். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் ரத்தக்கசிவை மோசமாக்கும். காய்ச்சல் இறங்கும் நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும்: வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம் எதைக் கண்டாலும் உடனே மருத்துவமனை.

இங்கே மழை பெரும்பாலும் மாலையிலும் இரவிலும்தான் கொட்டும். காலை பளிச்சென்று இருக்கும். வெளிவேலைகளை மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். லோபெஸ் மாத்தெயோஸ் சாலையிலும் பிளாசா தெல் சோல் பக்கமும் தண்ணீர் ஏறுவது எல்லா ஆண்டும் நடப்பது. சுரங்கப்பாதையில் நீர் நின்றால், முன்னால் போன வண்டி கடந்துவிட்டதே என்று இறங்காதீர்கள். அலுவலகத்திலேயே ஒரு மணி நேரம் காத்திருந்தால் பெரும்பாலும் வடிந்துவிடும்.

இடி கேட்டதும் கணினியையும், ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸிக்காக வாங்கிய டிரான்ஸ்ஃபார்மரையும் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். மின்சாரம் போனால் 071-க்குச் சொல்லலாம். உயிர் ஆபத்து என்றால் 911.

ஏரியின் வடகரையில், அஹிஹிக்கிலோ சான் ஹுவான் கொசலாவிலோ மலையடிவாரத்தில் வீடு பார்ப்பவர்கள் வாடகை ஒப்பந்தத்துக்கு முன் ஓடை எந்த வழியாக இறங்குகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். 2007 செப்டம்பரில் கொசலாவில் மலையிலிருந்து சேறும் பாறையும் தெருவுக்குள் வந்தன. கடைக்காரரிடமோ தோட்ட வேலைக்கு வருபவரிடமோ கேட்டால் இடத்தையே காட்டுவார்கள்.

வார இறுதிக்கு வயார்த்தா கடற்கரைக்குப் போகிறவர்கள் கிளம்பும் காலையில் தேசிய வானிலைச் சேவையின் புயல் அறிவிப்பைப் பாருங்கள். நேற்றைய அறிவிப்பை நம்ப வேண்டாம்: 2023 அக்டோபரில் ஓதிஸ் ஒரே நாளுக்குள் வலுத்து ஐந்தாம் வகைப் புயலாக அகாபுல்கோவைத் தாக்கியது.

கடைசியாக, தேள். சூட்டிலும் முதல் மழையிலும் அவை வீட்டுக்குள் வரும். காலணியையும் துண்டையும் உதறிவிட்டே எடுங்கள். குழந்தையின் கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். கொட்டிவிட்டால் கைவைத்தியத்தில் நேரம் போக்கக்கூடாது. நாக்கு மரப்பதும், எச்சில் வடிவதும், தொண்டையில் முடி சிக்கியது போலிருப்பதும் விஷம் ஏறுகிறது என்பதற்கு அடையாளம். குழந்தைக்கு என்றால் அந்த அடையாளத்துக்கும் காத்திராமல் கிளம்புங்கள். விஷமுறிவு மருந்து நல்ல மருந்து, ஆனால் எல்லா மருத்துவமனையிலும் இருப்பதில்லை. உங்கள் பகுதியில் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று இன்றே விசாரித்து, அந்த முகவரியைக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் சொல்லிவையுங்கள்.