எது எங்கே பிறந்தது?: மடித்தால் புத்தகம், பிரித்தால் ஓவியம்

கேள்வி: ஒரு கண்காட்சியில் உள்ளங்கை அளவுப் புத்தகம் ஒன்றைப் பார்த்தேன். இடப்பக்கம் என்னவென்றே புரியாத வண்ணத் தீற்றல்; வலப்பக்கம் நாலு வரிக் கவிதை. இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாகவே தெரியவில்லை. இப்படிப் புத்தகம் போட ஆரம்பித்தது யார்? (வாசகி, தென்காசி)

பதில்: சம்பந்தம் தெரியாமல் வைத்ததுதான் இப்படிப் புத்தகம் போட ஆரம்பித்தவர்கள் செய்த புதுமை. அதுவரை கவிதையில் குதிரை வந்தால் படத்திலும் குதிரை நின்றாக வேண்டும். நம் பத்திரிகைகளில் இன்றும் அந்த வழக்கம் போகவில்லை. 'நிலா' என்று ஒரு சொல் வந்துவிட்டால் போதும், ஒரு நிலாவும் அதன் கீழே கூந்தல் விரித்த பெண்ணும் தயார். (நானும் அப்படிப் படம் கேட்டு வாங்கியவன்தான்.)

ஒரே ஆளைக் கைகாட்ட முடியாது. காலத்தைச் சொல்லலாம்: 1912, 1913.

மியூனிக்கில் அப்போது ஓவியர் காண்டின்ஸ்கி 'கிளாங்கே' என்றொரு புத்தகம் போட்டார். தலைப்புக்கு 'ஒலிகள்' என்று பொருள். 38 உரைநடைக் கவிதைகள், 56 மரச்செதுக்குப் படங்கள். எழுதியவரும் செதுக்கியவரும் அவரே. சில படங்களில் குதிரையும் வீரனும் இன்னும் அடையாளம் தெரிகிறார்கள். வேறு சிலவற்றில் குதிரை கரைந்து வெறும் வளைகோடாகிவிட்டது. இன்னும் சிலவற்றில் தேடினாலும் எதுவும் கிடைக்காது. குதிரை அரூபமாகிப்போன வழியை ஒரே புத்தகத்துக்குள் பார்த்துவிடலாம். 1916-இல் ஜூரிக் நகரில் டாடா என்ற கலை இயக்கத்தார் கூடிய 'கபரே வோல்ட்டேர்' மேடையில் இந்தக் கவிதைகளை வாசித்தார்கள். ஆனால் புத்தகம் குட்டியல்ல. மடியில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

கைக்கு அடங்கும் வடிவம் பாரிஸில் 1913-இல் வந்தது. பிளேஸ் சாந்த்ரார் என்ற இளங்கவிஞர் சைபீரிய ரயில் பயணத்தைப் பற்றி நானூறு வரிக்கு மேல் ஒரு கவிதை எழுதினார். அதற்கு வண்ணம் தீட்டியவர் சோனியா தெலோனே. நான்கு தாள்களை ஒட்டி, ஏறத்தாழ 2 மீட்டர் நீளத்துக்கு ஒரே பட்டையாகச் செய்தார்கள். நெடுக்குவாட்டில் ஒரு மடிப்பு. பிறகு ஹார்மோனியத் துருத்தி மாதிரி அடுக்கடுக்காக மடிப்பு. மடித்து முடித்தால் சுமார் 18 செ.மீ. உயரம், 10 செ.மீ. அகலம். பிரித்தால் ஆள் உயரத்துக்கு மேல் ஓர் ஓவியம்.

பிரித்துப் பார்த்தால் வலப்பக்கம் எழுத்து ஓடுகிறது, பல வகை அச்செழுத்துகளில், பல நிறங்களில். இடப்பக்கம் ஆரஞ்சும் பச்சையும் ஊதாவுமாக அரைவட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று உருண்டு இறங்குகின்றன. ரயிலும் இல்லை, பனியும் இல்லை. உச்சியில் ரயில் போகும் பாதைக்கு ஒரு சின்ன வரைபடம் உண்டு. ஓவியத்தின் அடியில் மட்டும் சிவப்பாக ஒரு சின்ன ஈஃபெல் கோபுரமும் பக்கத்தில் ராட்டினச் சக்கரமும். கவிதையும் அங்கேதான், பாரிஸில், வந்து நிற்கிறது. வண்ணம் அச்சு இயந்திரத்தில் ஏற்றியதல்ல. லாரியின் முதுகில் எண் எழுதத் தகரத்தில் வெட்டி வைத்துப் பெயின்ட் அடிப்பார்களே, அதே ஸ்டென்சில் முறை. நிறத்துக்கு ஒரு ஸ்டென்சில், ஒவ்வொரு பிரதிக்கும் கைவேலை. 150 பிரதிகள் போடுவதாகத் திட்டம். எல்லாவற்றையும் பிரித்து ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தினால் 300 மீட்டர், அதாவது ஈஃபெல் கோபுரத்தின் உயரம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். கணக்கு அழகுதான். 150 பிரதிகளும் கடைசிவரை முடியவில்லை.

என்னைக் கேட்டால், நீங்கள் பார்த்த புத்தகத்துக்குப் பாட்டி இந்தத் துருத்தி மடிப்புப் புத்தகம்தான்.

கேள்வி: ஏன் இவ்வளவு குட்டியாகப் போட வேண்டும்? காகிதச் சிக்கனமா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: சிக்கனமும் ஒரு காரணம். லண்டனில் 1789-இல் வில்லியம் பிளேக் தன் கவிதைகளையும் படங்களையும் ஒரே செப்புத் தகட்டில் தானே பொறித்து அச்சிட்டார். பக்கம் 11 செ.மீ.க்கு 7 செ.மீ.தான். கணவனும் மனைவியுமாக வண்ணம் தீட்டினார்கள். 1794-இல் அடுத்த தொகுதி வந்தபோது, பழைய தகடுகளையே திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் பொறித்தார். அரூப ஓவியம் அல்ல அது. ஆனால் சின்னதாக இருந்தால் எல்லா வேலையையும் ஒருவரே செய்துகொள்ளலாம் என்று அவரைப் பார்த்தால் தெரியும்.

அந்தச் சின்ன அளவையே பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டவர் பிரான்சின் தென்பகுதியில், ஆலெஸ் என்ற ஊரில் இருந்த பியர் ஆந்த்ரே பெனுவா (1921–1993). பதிப்பாளர், அச்சுக்காரர், தானும் கவிஞர். பெயரைச் சுருக்கி 'பாப்' என்றே முத்திரை. ரெனே ஷார் போன்ற கவிஞர்களிடம் சில வரிகள் வாங்குவார். செல்லுலாய்டுத் துண்டு ஒன்றை வெட்டி ஓவியருக்கு அனுப்புவார். ஓவியர் அதில் கீறித் தந்ததும் அச்சேற்றிவிடுவார். செம்பும் அமிலமும் தேவையில்லை, கூர்முனை ஒன்று போதும். பிகாசோவும் மீரோவும் பிகாபியாவும் அவருக்கு இப்படிச் செய்து கொடுத்தவர்கள். நூற்றுக்கணக்கில் புத்தகங்கள், சிலவற்றில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பிரதிகள். பாரிஸின் பெரிய பதிப்பாளர்கள் மேசை அகலத்துக்குச் சொகுசுப் பதிப்பு போட்ட காலத்தில், சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு பிகாசோவைத் தீப்பெட்டிக்குள் அடக்கப் பார்த்த ஆள்! அவர் சேர்த்தவற்றில் பல 1989 முதல் ஆலெஸில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கேள்வி: எந்த அளவுவரை 'மினியேச்சர்' என்பார்கள்? (வாசகர், ஈரோடு)

பதில்: அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் கண்டிப்பானவர்கள்: உயரம், அகலம், தடிமன் எதுவும் மூன்று அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மற்ற இடங்களில் நான்கு அங்குலம்வரை விடுவதுண்டு. பெனுவாவின் பல புத்தகங்கள் தேறும். துருத்தி மடிப்பு தேறாது.

கேள்வி: தமிழில் இந்த மாதிரி உண்டா? (வாசகி, திருச்சி)

பதில்: ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008) சிறுபத்திரிகைகளுக்கும் கவிதை நூல்களுக்கும் வரைந்தவை கவிதைக்கு விளக்கவுரை சொல்லாதவை. அதை உறவுமுறை என்று சொல்லலாம். குட்டிப் புத்தகம் என்பது வேறு சங்கதி.

கேள்வி: வீட்டில் செய்ய முடியுமா? (பள்ளி மாணவி, காரைக்குடி)

பதில்: ஒரு மாலைப் பொழுது போதும். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியின் ஒரு முகம் முழுக்க மனம்போனபடி வண்ணம் அடியுங்கள். பக்கம் பிரித்து யோசிக்க வேண்டாம். பிறகு எட்டாக மடித்துப் பிரியுங்கள். நீளவாட்டு மடிப்பில் நடுவிலுள்ள இரண்டு கட்டங்களின் அளவுக்கு மட்டும் கத்தரித்து, வண்ணம் வெளியே தெரிய நீளவாக்கில் பாதியாக மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளுங்கள். எட்டுப் பக்கப் புத்தகம் கையில் நிற்கும். உயரம் 7.4 செ.மீ., அமெரிக்க விதிக்கும் சரி. எந்தப் பக்கத்துக்கு எந்த வண்ணம் விழுந்ததோ அதைப் பார்த்துவிட்டு வரிகளை எழுதுங்கள். மடிப்பதற்கு முன் பெயின்ட் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். ஈரத்தோடு மடித்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும்.